நடுங்கும் கைகளுக்கு நம்பிக்கை மட்டும் மருந்தாகுமா?

மட்டக்களப்பு வாவியிலே இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறியும் மீனவனின் கைகளைக் காணாதவர் நம்முள் எவர்? தோளில் ஒரு மடிப்பு, முழங்கையில் ஒரு மடிப்பு. உடல் ஒருமுறை வளைந்து நிமிரும். வலை வட்டமாக விரிந்து நீரின்மேல் விழும். தந்தையிடமிருந்து மகன் கற்ற வித்தை அது. அந்தக் கையிலே ஒரு நாள் காரணம் தெரியாத நடுக்கம் புகுகின்றது. அடுத்த ஆண்டு அவன் நடை சுருங்குகின்றது. முகம் மரத்தில் செதுக்கியது போலாகின்றது. சட்டைப் பொத்தானைப் பூட்டவும் பேரப்பிள்ளையின் உதவி வேண்டியதாகின்றது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இத்தகைய முதியோர் உளர். அவர்களுக்காகவே இன்று நாம் எழுதுகின்றோம்.

நம் முன்னோர் இதனை நடுக்குவாதம் என்றனர். வடமொழியாளர் கம்பவாதம் என்றனர். 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் இதன் குறிகளைத் தொகுத்து ஒரு சிறு நூல் எழுதியமையால், இன்று உலகம் இதனைப் பார்க்கின்சன் நோய் என அழைக்கின்றது. மூளையின் நடுப்பகுதியில் கருநிறமாய் அமைந்த ஒரு சிறு கூட்டம் உயிரணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. உடலின் அசைவை ஒழுங்கு செய்வது அப்பொருள். அவ்வுயிரணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. பெரும் பங்கு மடிந்த பின்னரே கை நடுங்கத் தொடங்குகின்றது. இழந்த டோபமினை ஈடுசெய்து துன்பத்தைத் தணிக்க மருந்துண்டு. நோயை வேரோடு அறுக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

வேரறுக்கும் மருந்து இல்லாத இடத்தில் வாக்குறுதிகள் பெருகுவது உலக வழக்கம். ஒருவர் வேரைத் தருகின்றார். ஒருவர் நூலைக் கட்டுகின்றார். இன்னொருவர் வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை நான்கு வேளைக்கு எண்ணிக் கொடுக்கின்றார். அவற்றை நாடி ஓடும் குடும்பத்தாரை நாம் எள்ளி நகையாட மாட்டோம். நோய்ப்பட்டவன் கிளையைப் பற்றுவான். அது காய்ந்த கிளையா, பச்சைக் கிளையா என்று ஆராயும் நிலையில் அவன் இல்லை. ஆராய வேண்டியவர்கள் யார்? மருந்து தருபவரும், அவருக்கு உரிமம் தரும் அரசும், இவ்விருவரையும் கேள்வி கேட்க வேண்டிய நாமுமே.

வாவியில் ஒரு சொட்டு

ஓமியோபதி என்னும் முறையை ஜேர்மனிய மருத்துவர் ஹானிமன் வகுத்தார். 1796இல் அதன் அடிக்கருத்தை வெளியிட்டு, 1810இல் அதற்கொரு பெருநூலும் எழுதினார். அவர் காலத்து மருத்துவர்கள் நோயாளியின் இரத்தத்தை வடித்தும், இரசத்தை ஊட்டியும் வதைத்துக்கொண்டிருந்தனர். அவ்வதையைக் கண்டு மனம் பொறாது எழுந்தவர் ஹானிமன் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயின் நல்ல உள்ளம் வேறு, நல்ல மருந்து வேறு.

எந்தப் பொருள் நலமுள்ளவனுக்கு ஒரு குறியை உண்டாக்குமோ, அதே பொருள் அக்குறியுடைய நோயைத் தீர்க்கும் என்பது அவர் கொண்ட முதற்கொள்கை. மருந்தை எத்துணை மடங்கு நீர்த்துக் குலுக்குகின்றோமோ, அத்துணை அதன் வீரியம் கூடும் என்பது இரண்டாவது. ஒரு சொட்டு மூலத்தை 99 சொட்டுத் திரவத்தில் கலந்து குலுக்கினால் முதற்படி. அதில் ஒரு சொட்டை மறுபடியும் 99 சொட்டில் கலந்தால் இரண்டாம் படி. இவ்வாறு முப்பதாம் படி வரை சென்ற மருந்து கடைகளில் சாதாரணமாக விற்பனையாகின்றது.

இக்கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதை நம் வாவியையே கொண்டு அளந்து பார்ப்போம். மட்டக்களப்பு வாவியின் பரப்பு ஏறத்தாழ 162 சதுர கிலோமீற்றர். எங்கணும் மூன்று மீற்றர் ஆழம் என்று தாராளமாகவே கொள்வோம். கல்லடிப் பாலத்தில் நின்று ஒரே ஒரு சொட்டு மருந்தை அதில் விட்டு, வாவி முழுவதையும் கலக்கினால் கிடைப்பது எட்டாம் படி! பன்னிரண்டாம் படியை எட்ட வேண்டுமாயின், இத்தகைய வாவிகள் பத்துக் கோடி வேண்டும். அப்படியைத் தாண்டியபின் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் புட்டியில் இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. இஃது எவருடைய வன்மமும் அன்று. பள்ளி மாணவர் கற்கும் அவகாதரோ எண்ணின் கணக்கு. முப்பதாம் படியில் இருப்பது சாராயமும் சர்க்கரையுமே.

“கணக்கு எதுவாயினும் ஆகுக, குணம் கண்டோம் அல்லவா?” என்பர் சிலர். நியாயமான வினா! குணம் உண்மையாயின், கணக்கைத்தான் திருத்த வேண்டும். ஆகவே குணத்தையே சோதிப்போம்.

எலிக்கு நம்பிக்கை இல்லை

நடுக்குவாதத்தில் இச்சோதனை எளிதன்று. 2001ஆம் ஆண்டில் கனடாவின் வன்கூவர் நகர ஆய்வாளர்கள் ஒரு வியத்தகு செய்தியை வெளியிட்டனர். பார்க்கின்சன் நோயாளருக்கு மருந்தில்லாத வெறும் ஊசியை ஏற்றி, மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, மருந்து கிடைக்கின்றது என்ற எதிர்பார்ப்பினாலேயே அவர்தம் மூளையில் டோபமின் சுரக்கக் கண்டனர். அதாவது, இந்நோயில் நம்பிக்கையே சிறிது நேரம் மருந்துபோல் நடிக்க வல்லது. “உருண்டை தின்றேன், கை நின்றது” என்று கூறும் முதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கையை நிறுத்தியது உருண்டையா, எதிர்பார்ப்பா என்பதை அவரால் அறிய முடியாது. எதிர்பார்ப்போ நோயைத் தடுத்து நிறுத்துவதில்லை. அது சிறிது நேர விருந்தாளி.

ஆதலின், எதிர்பார்ப்பே இல்லாத உயிரிடம் சோதித்தால் என்ன என்ற எண்ணம் பிறக்கின்றது. எலிக்கு மருத்துவர்மேல் பக்தி இல்லை. மருந்துப் புட்டியின் விலையும் தெரியாது. எலியின் மூளையில் ஒரு பக்கத்து டோபமின் உயிரணுக்களை நஞ்சூட்டி அழிக்கும் முறையை 1968ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் உங்கர்ஸ்டெட் வகுத்தார். அவ்வெலிக்கு டோபமினை ஒத்த மருந்து கொடுத்தால், அது ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். அச்சுற்றுக்களை எண்ணி மருந்தின் வலுவை அளப்பர். 1982இல் கலிபோர்னியாவில் கள்ளப் போதைமருந்தை ஊசியேற்றிய சில இளைஞர் திடீரெனக் கற்சிலைபோல் உறைந்தனர். அம்மருந்தில் கலந்திருந்த நச்சே அவர்களுடைய டோபமின் உயிரணுக்களை அழித்தது என்று கண்டறியப்பட்டது. அந்த நச்சும் பின்னர் குரங்குகளிலும் எலிகளிலும் இந்நோயைப் போன்றதொரு நிலையை உண்டாக்கப் பயன்பட்டது.

எனவே, “ஓமியோபதி மருந்து எலியில் வென்றது” என்று யாரேனும் ஓர் ஆய்வேட்டை நீட்டினால் நாம் உடனே தலையசைத்துவிடலாமா? கூடாது! எலிக்கு நம்பிக்கை இல்லை என்பது உண்மை. ஆனால் எலியை எண்ணுகின்றவனுக்கு நம்பிக்கை உண்டே! 1963இல் அமெரிக்காவில் ரோசந்தால், ஃபோட் என்னும் இருவர் இதனை அழகாகக் காட்டினர். ஒரே இனத்து எலிகளை மாணவரிடம் பகிர்ந்தளித்து, சிலரிடம் “இவை கூர்மதி எலிகள்” என்றும், சிலரிடம் “இவை மந்தமதி எலிகள்” என்றும் கூறினர். எலிகளிடையே வேறுபாடே இல்லை. எனினும் கூர்மதி எனப்பட்டவையே நன்கு ஓடியதாக முடிவுகள் வந்தன! மாணவர் ஏமாற்றவில்லை. கண் விரும்பியதைக் கண்டது. கை விரும்பியதை எழுதியது.

1988ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலே இதனினும் பெரிய பாடம் ஒன்று நிகழ்ந்தது. பென்வெனிஸ்த் என்னும் புகழ்பெற்ற அறிஞர், மூலக்கூறே எஞ்சாதபடி நீர்த்த திரவமும் இரத்த உயிரணுக்களில் விளைவைக் காட்டுகின்றது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். உலகம் திகைத்தது. இதழின் ஆசிரியர் மடொக்ஸ் இருவரை உடன் அழைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கே சென்றார். எந்தக் குழாயில் எது உள்ளது என்னும் குறிப்பை உறையிலிட்டு மூடி, கூரையிலே ஒட்டிவைத்தனர். பின்னர் எண்ணினர். எண்ணுபவருக்கு எது எதுவெனத் தெரியாதபோது விளைவு மறைந்துவிட்டது! கூரையில் ஒட்டிய ஓர் உறை செய்த வேலையை நூறு சான்றிதழ்கள் செய்யமாட்டா.

ஆகவே நேர்மையான சோதனைக்கு நாம் வேண்டுவன இவை. இரண்டு புட்டிகள், ஒன்றில் மருந்து, மற்றதில் அதே அளவு குலுக்கிய வெறுந் திரவம். எந்த எலிக்கு எது என்பது திருவுளச்சீட்டால் முடிவாக வேண்டும். எண்ணுபவருக்கும் ஊட்டுபவருக்கும் அது தெரியலாகாது. என்ன அளக்கப் போகின்றோம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்படைக்க வேண்டும். தோற்றாலும் வெளியிட வேண்டும். வேறொருவர் வேறோர் ஊரில் செய்து பார்த்து, அதே முடிவைப் பெற வேண்டும். இவ்வாறு மனிதரிடத்தே நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்த அவுஸ்திரேலியத் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம், ஓமியோபதி பயனளிக்கின்றது என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் ஒன்றேனும் இல்லை என 2015இல் அறிவித்தது.

இன்னும் ஒன்று. எலியும் ஓர் உயிரே. புட்டியில் ஏதேனும் ஒரு பொருள் உண்டு என்பதைக் காட்டாமலே, அதற்காக எலிகளின் மூளையைச் சிதைப்பது அறமாகுமா? இரு புட்டிகளுள் எது மருந்து என்பதைக் கூரை உறைச் சோதனையில் முதலில் பிரித்துக் காட்டட்டும். அதன் பின் எலியைத் தொடட்டும். இதுவே நம் தீர்ந்த முடிபு.

பூனைக்காலி சொல்லும் கதை

“மேனாட்டாரின் மாத்திரையைத் தவிர மற்றெல்லாம் பொய் என்கின்றீரோ?” என்று நம்மவர் சிலர் சினக்கக்கூடும். அல்ல! அதற்கு நேர்மாறான ஒரு கதை நம்மிடமே உள்ளது.

பூனைக்காலிக் கொடியை அறியாத நாட்டுப்புறத்தார் இல்லை. பற்றைகளில் படர்ந்து, தொட்டவரின் தோலைச் சொறியவைக்கும் காய்களைக் காய்க்கும் கொடி அது. இதே கொடி ஓமியோபதியிலும் இடம்பெற்றுள்ளது. அரிப்பைத் தருவதால் அரிப்புக்கு மருந்து என்பது அவர்தம் கணக்கு. ‘டொலிக்கோஸ் புரூரியன்ஸ்’ என்னும் பெயரில் அதனை நீர்த்து நீர்த்து விற்கின்றனர். ஆனால் நம் நாட்டு மருத்துவர்கள் அதன் விதையைப் பாலில் அவித்துத் தோலுரித்துப் பொடித்து, வாத நோய்களுக்குக் கைப்பிடிக் கணக்கில் கொடுத்தனர். ஒரே கொடி, இரண்டு வழி. எது சோதனையில் நின்றது?

1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுகூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தனர். அப்பொருள் மூளைக்குள் சென்று டோபமினாக மாறுவது என்பதை அன்று எவரும் உணரவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்தன. 1957இல் சுவீடனில் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்னும் மருந்தைக் கொடுத்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபாவை உடைய டோபாவை ஊசியேற்றினார். முயல்கள் எழுந்து ஓடின! ரெசர்பின் எதிலிருந்து வந்தது? நம் மருத்துவத்தில் வழங்கிய சர்ப்பகந்தி வேரிலிருந்து! முயலை வீழ்த்தியது நம் வேரின் சத்து. அதனை எழுப்பிய பொருளோ நம் கொடியின் விதையிலும் உறைந்து கிடந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கோ பழம்பெருமை பேசும் உரிமை மட்டும் எஞ்சியது.

1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிட்ஸ் என்பார் நோயாளரின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் கண்டார். 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் உரிய அளவில் டோபாவை ஊட்டி, படுத்தவரை நடக்கச் செய்தார். அதன் பின்னரே பூனைக்காலியின் நினைவு மீண்டது. 1995இல் இந்தியாவில் 60 நோயாளருக்கு 12 வாரம் பூனைக்காலி விதைப்பொடி கொடுத்துப் பார்த்தனர். நோயின் அளவு குறைந்தது. ஆயின் ஒப்பிட மறுபுட்டி இல்லாத ஆய்வு அது. 1997இல் அமெரிக்காவில் உசேன், மன்யம் இருவரும் மேற்சொன்ன சுற்றும் எலிகளில் விதையையும் செயற்கை லெவோடோபாவையும் ஒப்பிட்டு, விதை மேலோங்கக் கண்டனர். 2004இல் இலண்டனில் எட்டு நோயாளரிடம், மருத்துவருக்கும் நோயாளருக்கும் எது எதுவெனத் தெரியாதபடி ஒரு சோதனை நடந்தது. 30 கிராம் பூனைக்காலி, வழக்கமான மாத்திரையினும் விரைந்து வேலை செய்தது. அதன் பயனும் சற்று நீண்டு நின்றது.

எட்டுப் பேர் சிறு தொகையே; அதனைக் கொண்டு முரசறையலாகாது. எனினும் வேறுபாட்டைக் கவனியுங்கள். பூனைக்காலியில் பொருள் உண்டு. அப்பொருள் செய்யும் வேலை தெரியும். அளவு கூடினால் விளைவு கூடும். அளவு மிகுந்தால் தீமையும் உண்டு! வாந்தி, கட்டுக்கடங்காத உடலசைவு, மனமயக்கம் ஆகியன வரக்கூடும். விதைக்கு விதை சத்து வேறுபடும். வைத்தியசாலை மாத்திரையோடு தாமாகச் சேர்த்து உண்பது பேராபத்து. வாசகர் எவரும் பற்றையில் பறித்துப் பொடித்து உண்ணத் தலைப்படலாகாது என வன்மையாக எச்சரிக்கின்றோம். நன்மை செய்யும் வலுவுள்ளது தீமையும் செய்யும். எத்துணை விழுங்கினாலும் ஒன்றும் செய்யாதது நோயையும் ஒன்றும் செய்யாது.

நாம் கேட்பது என்ன?

நம்மிடம் வேர் இருந்தது, விதை இருந்தது, நோய்க்குப் பெயர் இருந்தது, பல்கலைக்கழகமும் இருந்தது. இல்லாதது ஒன்றே: அவற்றை ஒன்றோடொன்று இணைத்துச் சோதித்துப் பார்க்கும் துணிவு. பெருமை பேசுவோர் சோதனையை அவமதிப்பு என எண்ணினர். புதுமை பேசுவோர் நம்முடையது எதுவும் சோதிக்கத் தகுதியற்றது என எண்ணினர். இருவர்க்கும் இடையே நோயாளி நடுங்கிக்கொண்டே இருந்தான்.

இந்நாட்டில் சித்தம், ஆயுள்வேதம், யுனானி ஆகியவற்றுக்கு 1961ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. ஓமியோபதிக்கு 1970இலும் 2016இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் ஒரு முறைக்கு மன்றத்தைத் தரலாம், பதிவேட்டைத் தரலாம். பாராளுமன்றத்தில் கையுயர்த்துவதால் ஒரு மருந்துக்குக் குணம் வந்துவிடுமா? 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு உண்டாயிற்று. மாத்திரை இல்லாத நாளில் படுவான்கரை முதியவர் எதனை நம்புவது? இது வெறும் ஏட்டு வாதமன்று. நாளைய வயிற்றுக்கும் கைக்கும் உரிய வாதம்.

ஆகவே கேட்கின்றோம். வந்தாறுமூலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகம் மருத்துவமும் கற்பிக்கின்றது. அதன் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை உள்ளது. இம்மூன்றும் ஒரு மேசையில் அமர்ந்து, பூனைக்காலி விதையின் சத்தை ஊர் ஊராக அளக்கட்டும். தூய்மை செய்யும் முறையால் சத்து எவ்வளவு குறைகின்றது என்று காணட்டும். பின்னர் நோயாளரின் இசைவோடு, கூரையில் ஒட்டிய உறைபோல் ஒளிவுமறைவற்ற சோதனையை நடத்தட்டும். இசைவுப் பத்திரம் முதியவர் வாசிக்கும் தமிழில் இருக்கட்டும். அவரைக் கொழும்புக்கு இழுக்காமல், 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தைக் கடந்து ஆய்வாளர் அவரிடம் செல்லட்டும். மாகாண சபைக்குச் சுகாதாரத்திலும் சுதேச வைத்தியத்திலும் அதிகாரம் உண்டு என்று மேடையில் முழங்குவோர், அவ்வதிகாரத்தை இதற்குப் பயன்படுத்திக் காட்டட்டும். ஓமியோபதியாருக்கும் அதே மேசையில் ஒரு நாற்காலி போடுவோம்; அவர்களுக்கும் அதே உறை, அதே எண்ணிக்கை. எவருக்கும் சலுகை இல்லை. எவருக்கும் வஞ்சனையும் இல்லை.

சோதனை நமக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழ் யாழைப் போற்றிப் பாடுவதோடு நில்லாது, நரம்பின் நீளத்தையும் சுருதியின் எண்ணையும் கணக்கிட்டு 1947இல் யாழ்நூல் தந்தார். நம் வாவியில் மீன் பாடுகின்றது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தோம். லாங் அடிகளார் என்னும் இயேசு சபைத் துறவியார் அதனைக் கட்டுக்கதை என்று தள்ளவுமில்லை, அற்புதம் என்று கைகூப்பவுமில்லை. நீருக்குள் எழுந்த ஒலியைப் பதிவு செய்தார்; வானொலியில் நாடே கேட்டது. வாவிக்குச் செய்த மரியாதையை வாவிக்கரை மனிதனுக்கும் செய்யுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

நடுங்கும் கைகளுக்கு நம்பிக்கை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அளந்து பார்த்த நம்பிக்கை வேண்டும். வலையை வீசுமுன் கண்ணியைத் தடவிப் பார்ப்பான் மீனவன்; கிழிந்த வலையை எத்துணை பக்தியோடு வீசினாலும் மீன் அகப்படாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் அறிந்த அந்த உண்மையை, அவனுக்கு மருந்து கொடுப்போரும் உரிமம் கொடுப்போரும் அறிவது எந்நாளோ?